சூடானால் செல்ஃப் எடுக்காத அம்பாசிடர்

கேள்வி: என்னிடம் 1986 மாடல் அம்பாசிடர், பெட்ரோல் வண்டி இருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும். சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏறி வந்து டீ குடிக்க நிறுத்தினால், சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். அரை மணி நேரம் ஆறவிட்டால் எடுக்கிறது. புது பேட்டரி போட்டும் அப்படியே இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்குக் காயில் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மோட்டாரைக் கழற்றும் முன் அதற்குக் கரண்ட் போகும் வழியைப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஓடும். 150 ஆம்பியர் என்று வையுங்கள். எங்காவது ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே போய்விடும். சாதாரண மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் அந்தத் தடை தெரியவே தெரியாது. சூட்டில் செம்பின் தடையும் ஏறும். 60 டிகிரி கூடினால் சுமார் கால் பங்கு. காலையில் தட்டுத்தடுமாறி ஓடுகிற கரண்ட், கணவாய் ஏறிய பிறகு போதாமல் போகிறது.

அதனால் வண்டி மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். ஆறிய வண்டியில் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க, இக்னிஷன் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன வயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பாருங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் புது பேட்டரி என்றாலும் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

அது சரி என்றால் அடுத்தது எர்த், அதாவது இன்ஜினிலிருந்து பாடி வழியாக பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் வழி. என் சந்தேகம் முழுக்க இங்கேதான். மீட்டரின் ஒரு முனையை, பாடியோடு சேரும் பக்கத்து பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்ப்பில் அல்ல. மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். சாவி திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், பாடிக்குக் கரண்ட் திரும்ப, இரண்டையும் இணைக்கும் பின்னல் பட்டைதான் வழி. அது துருப்பிடித்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகக்கூடப் போகும். சாவி திருப்பிய பின் அந்தக் கேபிள் சுட்டால் வேறு சாட்சி வேண்டாம். பட்டையின் இரண்டு முனைகளையும் உப்புத்தாள் போட்டு பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இழைகள் அறுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

எர்த்திலும் குறை இல்லையென்றால் சாலினாய்டின் (சாவி திருப்பியதும் ‘டிக்’ என்று செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் நடுவே அளங்கள். ‘டிக்’ கேட்ட பிறகும் 12 வோல்ட் அப்படியே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது. சாலினாய்டை மாற்றினால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்து, செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 10 வோல்ட் வந்தும் சுற்றவில்லை என்றால் மட்டும் மோட்டாரைக் கழற்றுங்கள். அப்போதும் கார்பன் பிரஷ், புஷ் (மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் தண்டைத் தாங்கும் வளையம்) இரண்டையும் பார்த்த பிறகே காயில். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒருபக்கமாகச் சாய்ந்து உரசும்; அதற்குக் காயில் கட்டிப் பிரயோசனம் இல்லை.

சோதிக்கும்போது ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் போட வேண்டாம்.