கார் ஏசி வேலை பழக வருகிறவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வெயில் ஏற ஏற என் பட்டறைக்கு வரும் வண்டிகளைப் போலவே, இந்தத் தொழிலைக் கற்க நினைப்பவர்களின் கேள்விகளும் கூடுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பத்தாவது முடித்திருக்கிறேன். ஐடிஐ போகலாமா, நேராகப் பட்டறையில் சேரலாமா? (பாலக்கோடு)

ஐடிஐ போங்கள் தம்பி. விடுமுறை நாட்களில் பட்டறைக்கும் போங்கள். குளிர்சாதன மெக்கானிக் பிரிவும் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவும் தலா 2 வருடப் படிப்பு. கார் ஏசி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வேலை. முதலாவதில் குளிர்ச்சி எப்படி உண்டாகிறது என்பது புரியும், ஆனால் ஃப்ரிட்ஜும் வீட்டு ஏசியும்தான் அதிகம் வரும். இரண்டாவதில் இன்ஜினும் வயரிங்கும் கைக்கு வரும். என்னைக் கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். ஏசி ஓடவில்லை என்று வருகிற வண்டிகளில் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று கரண்ட் பக்கத்துக் கோளாறுகள் நிறைய இருக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் அரசு ஐடிஐகளில் இந்த வருடம் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

பட்டறையில் சேரும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஏசிக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பும், கேஸை அளந்து ஏற்றுவதற்கான எடை மெஷினும் அங்கே தினமும் பயன்பாட்டில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அங்கே தப்பான பழக்கம்தான் கற்பீர்கள்.

கேஸ் அடிக்கத் தெரிந்தால் கடை போட்டுவிடலாம் என்கிறார்களே? (அரூர்)

போடலாம். ஒரு கோடைக்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். பெட்ரோல் மாதிரி ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. ஹோஸ் வழியாகவும் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் கசிவது உண்டு. ஆனால் ஒரே வருடத்தில் குளிர்ச்சி போய்விட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குக் கூலி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டாக்ஸிக்கு ஒரே கோடையில் மூன்று முறை கேஸ் ஏற்றினேன். மூன்று முறையும் அந்த அண்ணன் முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார். கடைசியில் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால், கூலிங் காயிலில் எண்ணெய்க் கறையோடு பொடி ஓட்டை. முதல் நாளே தேடியிருந்தால் அவருக்கு இரண்டு முறை கொடுத்த பணம் மிச்சமாகியிருக்கும். அதன் பிறகு கசிவு பார்க்காமல் நான் கேஸ் ஏற்றியதில்லை.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கு எங்கே என்று கண்ணால் பாருங்கள். கேஸோடு ஆயிலும் வெளியே வரும். அப்புறம் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வையுங்கள். ஆக்ஸிஜனைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

வீடியோவில் வேக்கம் 29 அங்குலம் வர வேண்டும் என்கிறார்கள். என் பம்ப் 27-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. புது பம்ப் வாங்கணுமா? (ஓசூர்)

வாங்காதீர்கள்! உங்கள் பம்ப் நன்றாகவே இருக்கலாம்.

நீல கேஜ் (குறைந்த அழுத்தப் பக்கத்து மீட்டர்) பூஜ்யத்துக்குக் கீழே காட்டுவது, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை. இந்த அங்குலம் பாதரச உயரக் கணக்கு. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே சுமார் 29.9 அங்குலம். அங்கே முழு வேக்கம் என்றால் முள் 29-ஐத் தாண்டும். மேலே போகப் போக, 1,000 அடிக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். ஓசூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றே 27 அங்குலம்தான். இல்லாத 2 அங்குலத்தைப் பம்ப் எங்கிருந்து எடுக்கும்? கிருஷ்ணகிரியிலேயே 28 வந்தால் முழுசு. சென்னைக்காரர் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஊரில் பம்பைத் திட்டுவது நியாயமில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது முள் நிற்கிறதா என்பதை. அரை மணி நேரம் பம்ப் ஓடட்டும். வால்வை மூடிவிட்டு, பம்பை நிறுத்தி, 15 நிமிடம் காத்திருங்கள். முள் அசையாமல் நின்றால் சரி. பூஜ்யத்தை நோக்கி ஏறிக்கொண்டே போனால் கசிவு. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நல்ல வேக்கத்தில் அறைச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும், அந்த ஆவிதான் முள்ளை ஏற்றுகிறது. பம்பை மறுபடி ஓடவிடுங்கள். ஈரத்தை விட்டுவைத்தால், கூலிங் காயிலுக்குள் கேஸைப் பீய்ச்சும் எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸ் கட்டி அடைக்கும், நாளடைவில் உள்ளே அரிக்கும்.

பம்ப் ஆயிலை மாற்றி எவ்வளவு நாளாயிற்று? வெள்ளையாகக் கலங்கியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இன்ஜின் ஓடாதபோது இரண்டு கேஜும் 95 பிஎஸ்ஐ காட்டுகிறது. கேஸ் ஃபுல்தானே? (காவேரிப்பட்டணம்)

அப்படிச் சொல்ல முடியாது. பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்134ஏ கேஸ், 30 டிகிரி சூட்டில் துளி திரவம் உள்ளே இருந்தாலே ஏறக்குறைய அந்த அளவைக் காட்டும். நிறையவே இருந்தாலும் அதே அளவுதான். இருக்கிற கேஸை மெஷினில் எடுத்துவிட்டு, வண்டியின் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்கு எடை போட்டு ஏற்றுவதுதான் வழி.

ஒரு கஸ்டமர், சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் குளிர்ச்சி போகிறது என்கிறார். கம்ப்ரஸர் போயிற்றா? (தர்மபுரி)

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் சில நொடிகளுக்குக் கம்ப்ரஸரை நிறுத்தும்படியே பல கார்களை அமைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடு எல்லை மீறினாலும் நிறுத்தும். ஏற்றம் முழுக்கக் குளிரவில்லை என்றால் ஃபேன், கூலன்ட், கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே தள்ளும், வண்டியின் முன்பக்கத்து வலை) மூன்றையும் பாருங்கள். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது ஃபேன் காற்றை நம்பித்தான் கண்டென்சர் இருக்கிறது. கிரானைட் குவாரிப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் அதன் இடுக்கெல்லாம் தூசி அப்பியிருக்கும். மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் பட்டால் அதன் மெல்லிய தகடுகள் (ஃபின்) மடங்கிவிடும்.

என் மகளுக்கு இதில் ஆர்வம். பெண்பிள்ளை செய்யலாமா? (பென்னாகரம்)

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. பொறுமையும் கைச்சுத்தமும் கேட்கிற வேலை இது. கண்ணாடியும் கையுறையும் மட்டும் முதல் நாளே வாங்கிக் கொடுங்கள். ஆர்134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். திரவமாகக் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

எலக்ட்ரிக் கார் ஏசியையும் இதே கேஜ் வைத்துப் பார்க்கலாமா? (ஓசூர்)

தனிப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். ஆரஞ்சு நிற கேபிளில் வருவது உயிரை எடுக்கும் வோல்டேஜ். அந்தக் கம்ப்ரஸரின் ஆயிலும் வேறு. சாதாரண கார்களுக்கு ஊற்றும் பேக் (PAG) ஆயில் உங்கள் ஹோஸில் மிச்சமிருந்து உள்ளே போனால் இன்சுலேஷனே கெட்டுவிடும்.

கடை போட எவ்வளவு கடன் வாங்கலாம்? (ஊத்தங்கரை)

குறைவாக வாங்குங்கள். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை தருகிறார்கள். கேஜ் செட், வேக்கம் பம்ப், எடை மெஷின், மல்டிமீட்டர், இவற்றோடு ஆரம்பியுங்கள். பழைய கேஸைக் காற்றில் விடாமல் பிடித்துவைக்கும் மெஷினை அடுத்த கட்டத்தில் கட்டாயம் வாங்கிவிடுங்கள், அதுவரை வாடகைக்கு எடுங்கள். மானியக் கடன்கள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தவணையைக் கணக்குப் போடும்போது ஐப்பசி, கார்த்திகையை மறக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஏசிக்கு வருகிற வண்டிகள் குறைந்துவிடும், ஆனால் தவணை மாதாமாதம் வரும். ரேடியேட்டர், வயரிங் வேலையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு கடையைத் திறங்கள்.