பழைய ஜிப்ஸியின் ஸ்டீயரிங் ஆட்டம்: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி. ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் திருப்பிய பிறகே சக்கரம் அசைகிறது. ஸ்டீயரிங் பாக்ஸை (ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களின் இணைப்புத் தண்டுகளுக்குக் கடத்தும் பற்பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, ஐயா?

பதில்: பாக்ஸில் கை வைக்கும் முன் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துவிடுங்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்ற வேண்டாம். நான்கு சக்கரங்களும் தரையில் நிற்க, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைத்துக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, டிராக் லிங்க்கின் (பாக்ஸிலிருந்து சக்கரப் பக்கம் செல்லும் தண்டு) இரு முனைகளையும் டை ராட்டின் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) இரு முனைகளையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். நல்ல மூட்டில் இரு பக்கமும் ஒன்றாக நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் நகர்ந்த பிறகே மறுபக்கம் நகரும்; அந்தச் சிறு தட்டல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும். பாக்ஸை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸி) பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, அந்த இடத்தில் சட்டம் விரிசல் விட்டுள்ளதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

என் வண்டிக்கும் ஒரு பட்டறையில் முதலில் பாக்ஸைத்தான் மாற்றினார்கள்; ஆட்டம் அப்படியே இருந்தது. டிராக் லிங்க் முனையின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே செம்மண் நீர் புகுந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருச்சேறு இருந்ததைப் பிறகுதான் கண்டோம்.

கேள்வி: வால்பாறையில் ஓடும் வண்டி. சமவெளிக்கு இறங்கி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் உதறுகின்றன. புதிய ஸ்டீயரிங் டாம்பர் போட்டும் இரண்டே மாதத்தில் உதறல் திரும்பிவிட்டது.

பதில்: டாம்பர் உதறலை அமுக்கி வைக்கும், காரணத்தை நீக்காது. டயர் பேலன்ஸும் டை ராட் முனைகளும் சரியாக இருந்தால், நான் அடுத்துச் சந்தேகிப்பது கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சு) பேரிங்குகளை. ஜிப்ஸியில் முன் ஆக்சில் ஒரே துண்டு. அதன் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், மேலும் கீழுமாக உள்ள இரண்டு பேரிங்குகளின் மீது திரும்புகிறது. அவற்றின் இறுக்கம் குறைந்தால் சக்கரம் தானாக ஆடத் தொடங்குவதைத் தடுக்க எதுவும் இருக்காது. கிங் பின் மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்றை எடுத்தால் இறுக்கம் கூடும். ஆனால் அதற்கு முன் பேரிங்கைக் கழற்றி, வெளிக் கிண்ணத்தின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உருளைகள் அழுந்திய வரிப்பள்ளங்களில் நகம் தட்டினால், ஷிம் எடுப்பதால் பயனில்லை. பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும். அந்த நேரத்தில் நக்கிள் சீலையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் பேரிங்கைக் கெடுத்த தண்ணீர் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வந்திருக்கும்.

கேள்வி: சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறது. வீல் பேரிங்கா, கிங் பின்னா?

பதில்: ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். வண்டியின் கீழ் ஸ்டாண்டு வைக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: பாக்ஸின் மேலுள்ள திருகை இறுக்கினேன். ஆட்டம் குறைந்தது, ஆனால் வளைவில் திரும்பிய பின் ஸ்டீயரிங் நேராக வருவதில்லை.

பதில்: உடனே தளர்த்துங்கள். அந்தத் திருகைச் சக்கரங்கள் நேராக இருக்கும்போது மட்டுமே, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இணைப்பு முனைகளின் தேய்மானத்தை அங்கே ஈடுகட்ட முயன்றால் பாக்ஸின் பற்கள் தேயும், மலை வளைவில் ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

கேள்வி: டை ராட் முனைகளை நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஒரு முனையின் மரை இடது மரை (வலப்பக்கம் திருப்பினால் கழலும்) என்பதை மறவாதீர்கள். பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதைப் பூட்டினால், வீல் அலைன்மென்ட் செய்யும் இடம் வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி) துளை நேராக வராவிட்டால் நட்டை மேலும் இறுக்கியே நேராக்குங்கள், தளர்த்தி அல்ல. பழைய ஸ்பிளிட் பின்னை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.