முதல் நாளே பாதையை நடந்து பார்த்தீர்களா?

தை பிறந்தால் சித்திரை முடியும்வரை ஊருக்கு ஊர் ஓட்டப் பந்தயம்தான். ஐந்து கிலோமீட்டர் தூரம். ஏரிக்கரை, வரப்பு, வண்டிப்பாதை, கடைசியில் கோயில் வாசல். நோட்டீசில் மட்டும் 'மாபெரும் மாரத்தான்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். இதற்குப் பெயர் கிராஸ் கன்ட்ரி. உடற்கல்வி ஆசிரியராக நெடுங்காலம் விசில் ஊதியவன் என்பதால் சந்தேகங்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. இந்த முறை வந்தவற்றில் சில:

வயது 43, வங்கி வேலை. பள்ளியை விட்ட பிறகு ஓடியதே இல்லை. பந்தயத்துக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. பெயர் கொடுக்கலாமா?

கொடுங்கள். ஆனால் நாளைக் காலையே ஐந்து கிலோமீட்டரையும் ஓடிப் பார்த்துவிட்டு, மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகாதீர்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி அரை மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடக்கலாம். கடைசி வாரத்தில் ஐந்து நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை என்ற கணக்குக்கு வந்தால் தாராளம். பந்தயத்தன்றும் நடக்கலாம், யாரும் உங்களை வெளியேற்ற மாட்டார்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். 'ம்' கொட்ட மட்டுமே மூச்சு இருக்கிறது என்றால் குறையுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது முதல் அரை கிலோமீட்டர். மேளச் சத்தம், வேடிக்கை பார்க்கும் கூட்டம். பத்தாம் வகுப்புப் பையன்கள் நாண் விட்ட அம்பாகப் பாய்வார்கள். பாயட்டும். பாதிப் பேர் ஏரி மதகுப் பக்கம் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், மாடி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்பவர்களும் என்னைக் கேட்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

எங்கள் பக்கம் சீமைக் கருவேல மரம் அதிகம். ஷூ அவசியமா? எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலில் ஓடித்தானே தங்கம் வாங்கினார்?

வாங்கினார், 1960-இல். அவர் ஓடியது ரோம் நகரத்துச் சாலையில். உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அல்ல. கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே தலை நீட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஷூ போடுங்கள், ஆனால் பழகிய ஷூ. புதிதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போட்டால் இரண்டாவது கிலோமீட்டரில் குதிகால் கொப்பளிக்கும். கயிற்றின் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள், கோரையில் சிக்கும். முள் ஏறிவிட்டால் எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். முனை உள்ளேயே முறிந்திருந்தால் ஊக்கால் குடையும் வேலை வேண்டாம்.

பாதையில் 200 மீட்டர் வரப்பு வருகிறது. சென்ற ஆண்டு என்னை இடித்துவிட்டு முந்தினார்கள், சேற்றில் விழுந்தேன். வரப்பில் யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

இடித்தவர்மீது தவறு, சந்தேகமில்லை. ஆனால் வரப்பில் வழிவிட இடம் ஏது? முந்துவதை வரப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அடங்கிப் பின்னால் வர வேண்டும். வரப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால்தானே இதெல்லாம்? அதற்குத்தான் முதல் நாள் மாலை பாதையை ஒரு முறை நடந்து பாருங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

ஆள் நடந்து நடந்து வரப்பின் நடுப்பகுதி மட்டும் வழுக்கைத் தலைபோல இருக்கும். அங்கேதான் கால் வைக்க வேண்டும். இரண்டு ஓரமும் புல். பனி இறங்கிய அந்தப் புல்லின் அடியில் நண்டு வளை. மிதித்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். இடையில் ஓரிடத்தில் மடை வெட்டியிருப்பார்கள். முன்னால் ஓடுபவரின் முதுகையே பார்த்துக்கொண்டு வருபவர்கள் அதில்தான் விழுவார்கள். காலடியைக் குறுக்கி, பார்வையை நாலைந்து அடி முன்னால் வைத்து ஓடுங்கள்.

ஒரு ஊரில் வழி தெரியச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரவுப் பனியும் விடியற்காலையில் போன ஆட்டு மந்தையும் சேர்ந்து கோட்டை அழித்துவிட்டன. முன்னால் ஓடிய நான்கு பேரும் பக்கத்து ஊர்ப் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் என் மாணவன். யாரிடமோ கடன் வாங்கி, டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தான். பாதையை நடந்து பார்த்திருந்தால் பஸ் கட்டணம் மிச்சம்.

மகளோடு சேர்ந்து ஓட ஆசை. சுடிதாரில் ஓடலாமா? ஊர் என்ன சொல்லுமோ என்றும் தயக்கம்.

ஓடலாம் அம்மா. கால்பகுதி தொளதொளப்பாக இல்லாமல் இருக்கட்டும். உள்ளாடை இறுக்கமானதாக இருக்கட்டும். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வேண்டும் என்றால் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் முள்வேலி இழுத்துக்கொள்ளும். ஊர் இரண்டு நாள் பேசும். மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் "எத்தனை நிமிடத்தில் வந்தீர்கள்?" என்று அதே ஊர் கேட்கும்.

ஓடும்போது விலாவில் குத்துகிறது.

ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவதையும் மடமடவென்று தண்ணீர் குடிப்பதையும் நிறுத்துங்கள். குத்தினால் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கையால் அழுத்தி, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

நாய் துரத்தினால்?

ஓடாதீர்கள். நடையாக மாறுங்கள், கண்ணோடு கண் பார்க்க வேண்டாம். கடித்துவிட்டால் சோப்பும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். பந்தயம் அடுத்த ஆண்டும் வரும்.

சித்திரைத் திருவிழாவுக்கு நாங்கள் நடத்தும் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். அதுவரை காத்திருப்பதில் தவறில்லையே?

தவறு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜூலை வெயிலில் கிராஸ் கன்ட்ரி நடத்தினார்கள். கிளம்பியவர்கள் 38 பேர், முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்து வீரர் பாவோ நூர்மி எதுவும் நடக்காததுபோல முதலில் வந்தார்; பலர் வழியில் சுருண்டு கிடந்தார்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியே இல்லை. அது பாரிஸ், உங்களுடையது அக்கினி நட்சத்திரத்துக்கு முந்தைய சித்திரை. ஆறு மணிக்குக் கொடியசைக்க ஊர்ப் பெரியவர் ஒருவர் போதும். விருந்தினர் ஒன்பது மணிக்கு வந்து பரிசு கொடுக்கட்டும்.

ஓடி வருபவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடா ஊற்றும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தெருவுக்கு நான்கு பேர் அணியாக ஓடினோம். முதலில் வந்தது எங்கள் தெருப் பையன். கோப்பை மேலத்தெருவுக்குப் போய்விட்டது. இது என்ன நியாயம்?

நியாயம்தான் தம்பி. கிராஸ் கன்ட்ரியில் அணிக் கணக்கு வேறு. எத்தனையாவதாக வந்தார்களோ அதுவே புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் குறைந்த தொகைக்குத்தான் கோப்பை. உலக சாம்பியன்ஷிப்பிலும் இப்படித்தான் கூட்டுகிறார்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி உங்கள் ஆட்கள் 1, 14, 20, 27, மொத்தம் 62. மேலத்தெரு 4, 6, 9, 11, மொத்தம் 30. உங்கள் முதல் பையனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. அந்த 27-ஆவது ஆள் யார்? நாளை முதல் விடியற்காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.