பெட்டிக் கட்டணம் திரும்ப வருமா? அமெரிக்கக் கூட்டு வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

டாலஸ் வாசகர்: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெட்டிக் கட்டண வழக்கில் இப்போது க்ளெய்ம் போடலாமா, சார்?

முடியாது. க்ளெய்ம் போடும் காலம் 2023 பிப்ரவரி 22-ஓடு முடிந்தது. பெட்டி இலவசம் என்று மின்னஞ்சலிலோ கிரெடிட் கார்டு சலுகையிலோ சொல்லிவிட்டுப் பணம் வாங்கியதாக, பாதிக்கப்பட்ட எல்லோர் சார்பிலும் ஒரே வழக்காகப் போட்ட கூட்டு வழக்கு அது. குறைந்தது 75 லட்சம் டாலர் தர நிறுவனம் சம்மதித்தது.

நியூ ஜெர்சி வாசகி: வேறொரு வழக்கில் நோட்டீஸ் வந்திருக்கிறது. நிஜமா, மோசடியா?

மின்னஞ்சலில் உள்ள லிங்கைத் தொடாதீர்கள். வழக்கு எண்ணை ஃபெடரல் நீதிமன்றங்களின் ஆவணத் தளமான பேஸரில் (PACER) தேடுங்கள். சமரசத்துக்கு நீதிபதி முதல்கட்ட ஒப்புதல் தந்த ஆவணங்களில், க்ளெய்ம்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் நிர்வாகியின் பெயரும் இணைய முகவரியும் இருக்கும். அந்த முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். க்ளெய்ம் போடக் கட்டணமே கிடையாது. யாராவது கேட்டால் மோசடி.

நோட்டீஸ் எண், பிஎன்ஆர், பயணத் தேதி, கட்டிய தொகை, கார்டு ஸ்டேட்மென்ட் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். டிக்கெட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், வங்கியில் வெறும் இனிஷியல் இருக்கும். டிக்கெட்டில் உள்ளபடியே எழுதுங்கள். க்ளெய்மில் உள்ள குறையைச் சுட்டி நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தால் கெடுவுக்குள் பதில் போடாவிட்டால் க்ளெய்ம் தள்ளுபடி. வீடு மாறினால் நிர்வாகிக்குச் சொல்லுங்கள். செக் பழைய முகவரிக்குப் போய்க் காலாவதியாகிவிடும்.

ஹூஸ்டன் வாசகர்: லாபம் வக்கீல்களுக்குத்தானே? நோட்டீஸை விட்டுவிட்டால் என்ன?

விட்டுவிட்டால் பெரும்பாலும் பணமும் வராது, வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். வக்கீல் கட்டணத்தையும் நீதிபதிதான் அனுமதிக்க வேண்டும். அது அதிகம் என்று தோன்றினால் வழக்கிலிருந்து விலகாமலேயே நீதிமன்றத்துக்கு ஆட்சேபம் எழுதலாம்.

அதே வாசகர்: கூட்டு வழக்கிலிருந்து விலகிக்கொண்டு தனியாக வழக்குப் போட்டால் முழுத் தொகை கிடைக்குமே?

கிடைக்கலாம். ஆனால் 60 டாலர் பெட்டிக் கட்டணத்துக்கு நீதிமன்றக் கட்டணமும் ஒரு நாள் லீவும் கணக்குப் பாருங்கள். அமெரிக்கன் வழக்கில் முழுத் தொகையே திரும்பத் தருவதாக ஏற்பாடு. அங்கே விலகியிருந்தால் நஷ்டம்தான். நிதி இவ்வளவுதான் என்று நிர்ணயித்த வழக்குகளில் பங்கு குறையும் என்பது உண்மை. அங்கேயும் உங்கள் இழப்பு பல ஆயிரம் டாலராக இருந்தால் மட்டுமே விலகுவது சரி.

அட்லாண்டா வாசகர்: பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தது. எந்த வழக்கில் சேர்வது?

வழக்கே வேண்டாம். 2024 அக்டோபர் 28 முதல் உள்ள அமெரிக்க அரசு விதிப்படி, உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி 12 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் பெட்டிக் கட்டணம் திரும்ப வர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு, பறக்கும் நேரத்தைப் பொறுத்து 15 அல்லது 30 மணி. பெட்டி வரவில்லை என்று விமான நிறுவனத்திடம் புகார் பதிந்திருப்பது அவசியம்.

சென்னை வாசகர்: இந்தியாவில் வழி உண்டா?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பலர் சேர்ந்து புகார் கொடுக்க 2019 நுகர்வோர் சட்டத்தின் 35(1)(சி) பிரிவு இருக்கிறது.

சிகாகோ வாசகர்: அமெரிக்கன் பெட்டி க்ளெய்ம் இன்னும் திறந்திருக்கிறதா?

முதல் பதிலைப் படியுங்கள். இன்னும் திறந்திருக்கிறது என்று சொல்லி சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும் தளம் எதையும் நம்பாதீர்கள்.