புலி எச்சம் முதல் காங்கயம் பொலிகாளை வரை: மரபியல் கேள்வி பதில்

சத்தியமங்கலம் மலையடிவாரத்துல வளர்ந்தவன் நான். விலங்கியல் படிச்சு, 19 வருசமா காட்டு விலங்குகளோட டிஎன்ஏவைப் படிக்கிறதுதான் தொழில். வந்த கேள்விகள்ல எனக்குத் தெரிஞ்சதுக்குப் பதில் சொல்றேனுங்க.

கோபி, பிஎஸ்சி இரண்டாம் வருசம்: இந்த வேலைக்கு என்ன படிக்கணும் சார்? நீட் எழுதணுமா?

நீட் வேண்டாம் தம்பி. விலங்கியல் பட்டமே போதும். அடுத்து எம்எஸ்சி: ஊட்டி அரசு கலைக் கல்லூரியில காட்டுயிரியல் இருக்கு. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனத்துலயும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்துலயும் நுழைவுத் தேர்வு வச்சு எடுப்பாங்க. சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எப்ங்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கிட்டா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பிஎச்டி முடிய அஞ்சாறு வருசம் ஆகும். துளித்துளியா திரவம் அளக்கிற பைப்பெட் பிடிக்க மூணு மாசத்துல கத்துக்கலாம். புள்ளியியல் அப்படி வராது, அதை இப்பவே ஆரம்பிச்சிருங்க.

பெருந்துறை: புலியைப் பார்க்காமலே எத்தனை புலின்னு எண்ண முடியும்னு சொல்றாங்களே, எப்படிங்க?

தானியங்கிக் கேமராவுல வரியை வச்சு எண்ணுறது ஒரு வழி. எங்க வழி எச்சம்.

காலையில ஓடையோரமா நடந்து போறப்ப எச்சம் கிடைச்சா, மேல்பூச்சுதான் எங்களுக்கு வேணும். குடலைவிட்டு வெளிய வர்றப்ப குடல் சுவரோட செல்கள் அந்த மேல்பூச்சுல ஒட்டிக்கும். உள்ள இருக்கிற மயிரும் எலும்பும் தின்ன மானோடது. ஐஸ் குச்சியால மேலாப்புல சுரண்டி, எத்தனால் ஊத்தின குப்பியில போடுவோம். ஆய்வகத்துல அந்தத் துளி டிஎன்ஏவை பிசிஆர் மூலமா கோடிக்கணக்குல நகலெடுப்போம். டிஎன்ஏவுல சில இடத்துல ரெண்டு மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை தடவை வருதுங்கிறது புலிக்குப் புலி மாறும். அப்படிப் பத்துப் பன்னெண்டு இடம் பார்த்தா எந்தப் புலின்னு தெரிஞ்சிரும். ஆணா பெண்ணான்னும் சொல்லிடலாம்.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க: சீட்டுல பென்சில்லதான் எழுதணும். என் முதல் வருசம் 43 குப்பியில பேனாவால எழுதி வச்சேன். ஜீப் குலுங்கினதுல எத்தனால் கசிஞ்சு மை மொத்தமும் கரைஞ்சு போச்சு. எச்சம் இருக்கு, எந்த ஓடையில எடுத்ததுன்னு தெரியல. ஒரு கோடைக்கால உழைப்பு அத்தனையும் வீண். இடமும் தேதியும் இல்லாத மாதிரியை எந்த மெஷினும் காப்பாத்தாது.

இன்னொண்ணு. ஆர்வத்துல நீங்களா காட்டுக்குள்ள போய் எச்சமோ மயிரோ இறகோ எடுக்காதீங்க. 1972 காட்டுயிர்ச் சட்டப்படி அனுமதி வேணும்.

ஈரோடு: விலங்கியல் படிச்சா வேலை கிடைக்குமா?

முதல் பதிலைப் பாருங்க.

கோவை: நம்மூர்லயே வன மரபியல் நிறுவனம் இருக்கே, அங்க யானை ஆராய்ச்சியில சேரலாமா?

அது மரங்களுக்கானது. விலங்குன்னா ஆனைகட்டி சலீம் அலி மையத்துல கேளுங்க.

பொள்ளாச்சி: நீலகிரி யானையும் ஆனைமலை யானையும் ஒண்ணுதானே?

ஆடி மாசம் உங்க ஊர்த் தென்னையை ஆட்டுற காத்து எந்த வழியா வருது? பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு விழுந்த அந்த இடைவெளிக்கு வடக்க இருக்கிற யானையும் தெற்க இருக்கிறதும் ஒரே இனம்தான். ஆனா டிஎன்ஏவுல வித்தியாசம் தெரியும். 2005-ல வந்த ஆய்வுலயே இது காட்டப்பட்டிருக்கு. பெண் யானை பொறந்த கூட்டத்தோடவே இருக்கும், ஆண்தான் பிரிஞ்சு போய் ரத்தத்தைக் கலக்கும். அது போற பாதையில வேலியும் தண்டவாளமும் வந்தா என்ன ஆகும்னு யோசிங்க.

சோலைக்காட்டுப் பறவைகள்லயும் மலைக்கு மலை பிரிஞ்ச கதை உண்டு. 2017-ல அதுல ஒரு பேரினத்துக்கு ஷோலிகோலான்னு பேர் வச்சாங்க. நம்ம ‘சோலை’ அந்தப் பேர்ல இருக்கு. எப்பப் படிச்சாலும் எனக்கு அது சந்தோசம்.

காங்கயம், மாட்டுப்பண்ணை: காட்டு விலங்கு இருக்கட்டும். எங்ககிட்ட 50 பசு, ஒரே பொலிகாளை. அது போனா அதோட மகன். ரத்தம் சுத்தமா இருக்கோணும்னா வெளிக்காளை சேர்க்கக்கூடாது. சரிதானுங்களே?

சரியில்லைங்கண்ணா. இன்னிக்கு வந்த கேள்வியில இதுதான் முக்கியமானது.

உங்க பட்டியில நிக்கிறது 51 உருப்படி. ஆனா அடுத்த தலைமுறையோட மரபணுவுல பாதி அந்த ஒரே காளைகிட்ட இருந்து வருது. மரபியல் கணக்குல உங்க மந்தையோட அளவு ஏறக்குறைய 4 தான். அஞ்சு காளையைச் சுழற்சியில விட்டுப் பாருங்க, அதே 50 பசு 18-க்குச் சமமாகுது. அப்பனையே மகளுக்குச் சேர்த்தா பொறக்கிற கன்னுல, நூத்துக்கு 25 இடத்துல, ஒரே மூதாதையோட ஒரே நகல் ரெண்டு பக்கமும் வந்து உட்கார வாய்ப்பு. மறைஞ்சு கிடந்த குறையெல்லாம் அங்கதான் மேல வரும். சினை பிடிக்காது, கன்னு நோஞ்சானா விழும்.

அதே அண்ணன்: எங்க கன்னு எல்லாம் செவலையாப் பொறந்து 6 மாசத்துல நிறம் மாறுது. கொம்பு, திமில் எல்லாம் அச்சு அசல். இதைவிட என்ன சுத்தம்?

நிறத்தை முடிவு பண்றது சில மரபணுதான். உருவம் அச்சா இருந்தும் உள்ள மரபணு வகை வறண்டு போயிருக்கலாம். ஒடிசா சிமிலிபால்ல வரியெல்லாம் பரந்து ஒட்டிக் கருப்பாத் தெரியிற புலிகள் இருக்கு. காரணம் டக்பெப்ங்கிற ஒரே மரபணுவுல ஒரு எழுத்து மாற்றம்னு 2021-ல உமா ராமகிருஷ்ணன் குழு கண்டுபிடிச்சுது. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த மாற்றம் வந்தாத்தான் வெளிய தெரியும். தனிச்சுப்போன சின்னக் கூட்டத்துல அது சுலபமா நடக்குது.

தாராபுரம், பெரியவர் ஒருத்தர்: எங்கப்பா மூணு வருசத்துக்கு ஒருக்கா கண்ணபுரம் தேர்ச்சந்தையில காளையை மாத்திப்போடுவாரு. “தாயாதிக்குள்ள பொண்ணு எடுப்பமா?”ம்பாரு.

ஐயா, நான் படிச்ச படிப்பை உங்கப்பா ஒரே வரியில சொல்லிட்டாருங்க. கூட்டம், அதாவது குலம், பார்த்துக் கல்யாணம் பண்ற நமக்கு இது புரியாத விசயமே இல்ல.

திருப்பூர்: அப்ப ஜெர்சி சேர்த்தா இன்னும் நல்லதா?

இல்லவே இல்ல! வேற பட்டியில இருக்கிற காங்கயம் காளையைத்தான் சொல்றேன். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துல கொழுக்கட்டைப் புல்லை மேய்ஞ்சு வெயில் தாங்குற குணம் தலைமுறை தலைமுறையா சேர்ந்தது. அதைக் கலைச்சிட்டா திரும்ப வராது.

காங்கயம் அண்ணன்: காளையை மாத்தறதுன்னா எந்தக் காளை எதோட மகன்னு எப்படித் தெரியும்?

இதுக்குத்தாங்கண்ணா காத்திருந்தேன். ஒரு நோட்டுப் போடுங்க. கன்னு விழுந்த தேதி, தாய், தகப்பன், தகப்பனை வாங்கின பட்டி. சுத்துவட்டாரத்துல பத்துப் பண்ணை இப்படி எழுதி வச்சு காளையை மாத்திக்கிட்டாப் போதும். சினை ஊசி போட்டாலும் காளை எண்ணைக் கேட்டு எழுதுங்க.

பவானி: எச்சத்தை பார்மலின்ல வைக்கலாமா?

கூடாது. டிஎன்ஏ சிதைஞ்சிரும். எத்தனால். சீட்டு பென்சில்ல.

நாமக்கல்: விலங்கியல் எடுத்தா எதிர்காலம்...

முதல் பதில்! மூணாவது தடவை சொல்றேன்.

கரூர், பிளஸ் டூ மாணவி: எங்க ஊர் கடவூர் பக்கம். தேவாங்கு பத்தி ஆராய்ச்சி பண்ண ஆசை. இப்பவே ஏதாவது செய்யலாமா?

2022-ல நாட்டுலயே முதல் தேவாங்கு சரணாலயம் உங்க பக்கத்துலதான் அமைஞ்சுது கண்ணு, 11,806 ஹெக்டேர். காட்டுக்குள்ள போக வேண்டாம். உங்க தோட்டத்து வேலியில, அப்பாவோ அம்மாவோ கூட இருக்கிறப்ப பாரு. எந்த மரம், எத்தனை மணி, எத்தனை தேவாங்கு, குட்டி இருந்துச்சா, நிலா இருந்துச்சான்னு எழுது. டார்ச்சு மேல சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுத்திக்க. வெள்ளை வெளிச்சம் அதோட கண்ணைக் கூசும். ஒரு வருசம் எழுதிட்டு அந்த நோட்டை எனக்குக் காட்டு.