பத்து நிமிடத்தில் ஏன் எழுந்து போகிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 23, சுன்னாகத்தில் இருக்கிறேன். தனியாக ஒரு ரோல் பிளேயிங் கேம் செய்துகொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் மேப்பாக வரைந்துவிட்டேன். 40 ஆயுதங்கள், 60 லெவல்கள் இருக்கின்றன. விளையாடக் கொடுத்தால் நண்பர்கள் பத்து நிமிடத்தில், “வடிவாயிருக்கு மச்சான்” என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்கிறார்கள். இன்னும் என்ன சேர்க்க வேண்டும்?

பதில்: தம்பி, இனி ஒன்றையும் சேர்க்காதீர்கள். உங்கள் கடிதத்தில் மேப் இருக்கிறது, ஆயுதம் இருக்கிறது, லெவல் இருக்கிறது. விளையாடுகிறவர் என்ன முடிவு எடுக்கிறார் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. லெவல் கூடக்கூட எதிரியின் பலத்தையும் கூட்டியிருப்பீர்கள். அப்போது எண்கள் மாறுமே தவிர, விளையாடுகிறவரின் நிலைமை மாறாது. அது யாருக்கும் சீக்கிரம் விளங்கிவிடும்.

இந்த வகை விளையாட்டு மேசையில் பிறந்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குத் தாள், பென்சில், பகடை போதும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் “நான் இப்படிச் செய்கிறேன்” என்பார்கள், அதைக் கேட்டு அவர் மேற்கொண்டு நடப்பதைச் சொல்வார். கணினியில் அவருடைய வேலையை உங்கள் புரோகிராம் செய்ய வேண்டும். அதற்கு முதலில் தேவை ஞாபகம்: விளையாடுகிறவர் செய்ததை மறக்காமல் வைத்திருப்பது.

1985இல் வந்த அல்டிமா 4 என்ற கணினி விளையாட்டில் பார்வையற்ற மூலிகைக் கடைக்காரி ஒருத்தி வருவாள். எவ்வளவு காசு வைக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியாது. குறைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் விளையாட்டு சத்தமில்லாமல் உங்கள் நேர்மையைக் கணக்கில் குறைத்துவிடும். எத்தனை வாள் வைத்தாலும் அந்த ஒரு கடைக்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, உங்கள் ஊரிலேயே ஒன்றைப் பார்ப்போம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். இப்போது ஒரு பங்குக் கிணறு, இரண்டு வெங்காயத் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய முறை பக்கத்துத் தோட்டத்து அம்மாவுடையது, அவரோ ஆஸ்பத்திரியில். விளையாடுகிறவர் அவருடைய முறையில் தண்ணீர் இறைக்கலாம், பார்க்க ஆளில்லை. இறைத்தால் தன் வெங்காயம் தப்பும், அவருடையது வாடும். இறைக்காவிட்டால் சந்தைக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது. இறைத்திருந்தால், சில நாள் கழித்துத் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். கடையில் கண்டாலும் அந்த அம்மாவின் மகன் கதைக்க மாட்டான். வீட்டுக் கலியாணத்துக்கும் சொல்லமாட்டார்கள். இவ்வளவுக்கும் புரோகிராமில் வேண்டியது இரண்டே மாறிகள்: முறையைக் களவெடுத்தாரா, மொத்தம் எவ்வளவு இறைத்தார். உங்கள் நண்பர்கள் இந்த இடத்தில் போனை எடுக்க மாட்டார்கள், “நீ என்ன செய்தாய்?” என்று ஒருவரையொருவர் கேட்பார்கள்.

ஒவ்வொரு தெரிவுக்கும் தனிக் கதை எழுதப் போய்விடாதீர்கள். ஆம், இல்லை என்று பத்துத் தெரிவு வைத்தாலே 1,024 வழி வரும். கதை மூன்று நான்கு இடங்களில் எல்லாருக்கும் ஒன்றாகவே வந்து சேரட்டும். அங்கே யார் முகம் கொடுத்துக் கதைக்கிறார்கள், யார் விலகிப் போகிறார்கள் என்பதில் வித்தியாசத்தைக் காட்டுங்கள். ஆயுதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015இல் டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாகச் செய்த அண்டர்டேலிலும் சண்டை உண்டு. ஆனால் ஒருவரையும் கொல்லாமல் அதை முடிக்கலாம், கொன்றால் விளையாட்டு அதை மறக்காது. ஆயுதத்தை எடுப்பதா விடுவதா என்பதே அங்கு ஒரு முடிவு.

மேப்பை அழிக்க வேண்டாம், ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு நான்கு வீடு, ஒரு கிணறு, ஒரு கடையுள்ள புதிய புரொஜெக்டைத் தொடங்குங்கள். புரோகிராம் எழுதுவதற்கு முன் நண்பர்களை விறாந்தையில் இருத்தி, நீங்களே கதை நடத்தித் தாளில் விளையாடிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் யோசிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களை மட்டும் கணினிக்குக் கொண்டுபோங்கள்.

மற்றது, உரையாடலைத் தமிழில், நம் பேச்சிலேயே எழுதுங்கள். கேம் செய்ய உதவும் கோடோ என்ஜின் இலவசம், அதன் 4ஆம் பதிப்பு தமிழ் எழுத்தைச் சரியாகக் கோத்துக் காட்டும். வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் தோன்றும்படி வைத்தால் ‘கொ’, ‘கௌ’ போன்றவற்றைக் கவனியுங்கள். ககரம் முதலில் வந்து, கொம்பு பிறகு அதற்கு முன்னால் குதித்தால் வாசிக்கவே முடியாது. முழு எழுத்தும் ஒரேயடியாகத் தோன்றும்படி முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள்.