டிஸ்கோவில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே தாளம்தானே, அதை யார் வாசித்தால் என்ன?

70-களின் சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உருக்கமான பாட்டு வகை), டிஸ்கோ (ஆட்டத்துக்கான இசை) ஆல்பங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடகர்களை விட்டுவிட்டுப் பின்னால் வாசித்தவர்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், எல்லாமே ஒரே 'டும் டும்' தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு செயலியில் 'டிஸ்கோ ஹிட்ஸ்' என்று யாரோ தொகுத்து வைத்ததை வரிசையாகக் கேட்டுவிட்டு எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே மூச்சில் அத்தனை பாட்டையும் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'யார் வாசித்தால் என்ன' என்பதைப் படித்துவிட்டுச் சும்மா போக என்னால் முடியவில்லை. நான் ட்ரம்மர். மதுரைப் பக்கத்து இன்னிசைக் குழுக்களில் கல்யாணம், திருவிழா என்று பல வருடம் வாசித்தவன். இதே வார்த்தையை நேருக்கு நேர் கேட்டவன்.

முதலில் அந்த 'டும் டும்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1973-இல் ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி ப்ளூ நோட்ஸ் குழுவுக்காக 'தி லவ் ஐ லாஸ்ட்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். இடம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா, சிக்மா சவுண்ட் ஸ்டுடியோ. தயாரித்தவர்கள் கென்னி கேம்பிள், லியோன் ஹஃப். பாடியவர் டெடி பெண்டர்கிராஸ். காதலை இழந்தவன் பாடும் பாட்டு, மெதுவாகப் போகவேண்டியது. அப்படித்தான் ஆரம்பித்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. ஸ்டுடியோவிலேயே வேகத்தைக் கூட்டினார்கள். அப்போது ட்ரம்ஸில் இருந்த ஏர்ல் யங், கிக்கை (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) நாலு தட்டிலும் சமமாக இறக்கி, இரண்டு தட்டுக்கு நடுவில் வரும் இடத்தில் ஹை-ஹாட்டை (ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு உலோகத் தகடுகள், காலால் திறந்து மூடுவது) திறந்து மூடினார். 'டும்-த்ஸ், டும்-த்ஸ்' என்று நீங்கள் இன்றைக்குக் கேட்கும் எல்லா டிஸ்கோவும் அந்த வாசிப்பின் வழியில் வந்தவைதான்.

உடனே யாராவது வந்து "அதற்கு முன்பே நாலு தட்டுத் தாளம் இருந்ததே" என்று எழுதுவார்கள். தெரியும். 60-களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி வெளியிட்ட சில பாட்டுகளில் ஸ்நேரே (குச்சியால் அடிக்கும், சடசடக்கும் சின்ன ட்ரம்) நாலு தட்டிலும் விழும். கிக்கையும் அப்படி வாசித்தவர்கள் முன்பே இருந்திருக்கலாம். நான் சொல்வது கிக்கைப் பற்றி மட்டும் இல்லை. திறக்கும் ஹை-ஹாட்டோடு சேர்த்து, ஆறு நிமிடப் பாட்டு முழுக்க ஆட்டத்தைத் தாங்கும்படி அதை நிறுத்தியதைப் பற்றி.

அது எவ்வளவு கஷ்டம் என்று வாசித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்த அண்ணனின் தம்பி துபாயில் இருந்தான். லீவுக்கு வந்தபோது 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படப்பாட்டுக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் ட்ராம்ப்ஸ் குழுவின் 'டிஸ்கோ இன்ஃபெர்னோ' இருக்கும். அதிலும் ட்ரம்ஸ் இதே ஏர்ல் யங்தான், அது அவருடைய குழு. எனக்கு அப்போது அவர் பெயரெல்லாம் தெரியாது. கேசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ட்ரம்ஸ் யார் என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை. நம் ஊர்ப் படப்பாட்டுக் கேசட்டுகளிலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயரோடு சரி. அதனால் எனக்கு அது புதிதாகவும் படவில்லை.

80-களின் தமிழ்ப் பாட்டுகளில் டிஸ்கோ தாளம் வரும்போதெல்லாம் நாங்கள் ஹை-ஹாட்டைக் கையால் மட்டும் தட்டிச் சமாளிப்போம். கேசட்டில் வந்தது வேறு மாதிரி இருந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அதைக் கேட்டதும் ஒரு வார்த்தை சொல்லாமல் என் இடது காலைக் காட்டினார். விஷயம் அங்கேதான். வலது கால் கிக்கில், ஒவ்வொரு தட்டுக்கும். வலது கை ஹை-ஹாட்டில். இடது கை ஸ்நேரில், இரண்டாவது நாலாவது தட்டுக்கு. இடது கால் இருக்கிறதே, அது கிக் விழும் அதே நொடியில் ஹை-ஹாட்டை மூட வேண்டும், நடுவில் திறக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாக மூடினால் அந்த 'த்ஸ்' நீண்டு அடுத்த தட்டின்மேல் ஏறிவிடும், மொத்தத் தாளமும் சேறாகிவிடும். சீக்கிரம் மூடினால் தகரம் தட்டின மாதிரி ஒரு சத்தம், ஆட்டமே வராது. தகடுகள் எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதுகூடக் கணக்குத்தான். ஒரு விரல் நுழைகிற இடைவெளி விட்டால் அதிகம். இரண்டு பாட்டு வாசிப்பதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். அதை ஏர்ல் யங் வேகம் ஏறாமல் இறங்காமல், பாடகர் கத்தி அழுகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன உருட்டல் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். அந்த உருட்டலைக் கேளுங்கள். அதற்குப் பிறகு முதல் தட்டு எவ்வளவு நிதானமாக விழுகிறது என்று பாருங்கள்.

அவர் தனியாக இல்லை. பாஸ் கிட்டாரில் ரான்னி பேக்கர், கிட்டாரில் நார்மன் ஹாரிஸ். இந்த மூவரும் சிக்மாவின் முதுகெலும்பு. வயலின், ட்ரம்பெட், வைப்ரஃபோன் என்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்கு எம்.எஃப்.எஸ்.பி. என்று பெயர். ஓ'ஜேஸ், ப்ளூ நோட்ஸ் என்று ஆல்பத்தின் உறையில் பாடகர் குழுவின் பெயர் மாறும், உள்ளே வாசிப்பது இவர்கள்தான். 'சோல் ட்ரெயின்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இவர்கள் வாசித்த 'டி.எஸ்.ஓ.பி.' என்ற பாட்டு 1974-இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அப்புறம் என்ன ஆனது? கேம்பிள், ஹஃபோடு பணத் தகராறு. 1975 வாக்கில் இவர்களில் பலர், வைப்ரஃபோன் வாசித்த வின்ஸ் மொண்டானாவோடு சால்சோல் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலத்து சால்சோல் ஆர்க்கெஸ்ட்ரா பாட்டுகளையும் அதே நேரத்தில் கேம்பிள், ஹஃப் தயாரித்த பாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். அந்தச் சிரிப்பும் துள்ளலும் எந்தப் பக்கம் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். யார் வாசித்தாலும் ஒன்றுதான் என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்கவே கூடாது.

இன்னொரு ஆட்சேபமும் வரும். "பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயின் அலைவ்' பாட்டில் ட்ரம்மரே இல்லையே, டேப்பை வெட்டி ஒட்டித்தானே ஓட்டினார்கள்" என்பார்கள். உண்மைதான். ட்ரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து கொஞ்ச நீளத்தை எடுத்துச் சுற்றாக ஒட்டி ஓடவிட்டார்கள். ட்ரம்மர் என்று 'பெர்னார்ட் லூப்' என ஒரு கற்பனைப் பெயரையும் போட்டார்கள் (லூப் என்றால் சுற்று). ஆனால் அந்தச் சுற்றுக்குள் இருந்தது யார் கை? டென்னிஸ் பிரையனின் கை. அந்த இரண்டு பாரை (எட்டுத் தட்டு நீளத்தை) அவர் வாசித்திருந்ததால்தான் ஒட்ட முடிந்தது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு ப்ரோக்ராம்கள் மறுபடி தொடங்கியபோது எங்கள் குழுவை நடத்தியவர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே மைனஸ் ட்ராக் போட்டுக்கலாம் தம்பி, பாடுறவங்க மட்டும் போதும், தாளம் யார் போட்டா என்ன" என்றார். மைனஸ் ட்ராக் என்றால் பாடகர் குரல் இல்லாமல் முன்பே பதிவு செய்த இசை. அவருக்கும் கஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. கல்யாண வீட்டார் பாதிப் பணத்துக்குப் பேரம் பேசினார்கள். ஆனால் அதற்கு முன்புவரை, பாடகிக்கு இருமல் வந்து சரணத்தை விட்டபோது, இடைஇசையை இன்னொரு சுற்று இழுத்து அவரைக் காப்பாற்றியது தாளக்காரர்கள்தான். ட்ராக் அதைச் செய்யாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சொல்ல வந்தது இது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். கல்யாண மண்டபங்களில் மேடை மாடியில் இருக்கும். லிஃப்ட் இருக்கும். வாத்தியம் ஏற்றக் கூடாது என்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் வருவார்களாம். கிக் ட்ரம்மையும் ஸ்டாண்டுப் பைகளையும் படியில் தூக்கி, இறக்கும்போது கடைசிப் பந்தியும் முடிந்திருக்கும். பூ அலங்காரத்துக்காரரின் இரும்புக் கம்பிகள் மட்டும் அதே லிஃப்டில் போகும். இதை எந்த மண்டபத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான், "மேனேஜர்கிட்ட பேசுங்க". மேனேஜர் எந்த மண்டபத்திலும் இருக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பாடகர்களைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். டெடி பெண்டர்கிராஸ் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. நான் கேட்பதெல்லாம் உறையில் ஒரு வரி. அது கிடைத்த சந்தர்ப்பங்கள் குறைவு. மோட்டவுனில் 60-கள் முழுக்க வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் பெயர், 1971-இல் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக உறையில் ஏறியது. அதில் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை ஈடு இணையற்றவர் என்றே குறிப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன் எத்தனையோ ஹிட் பாட்டுகளில் அவர் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தது யாருக்கும் தெரியாது. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. 1983-இல் 47 வயதில் அவர் இறந்துபோனார். ஓ'ஜேஸின் 'ஃபார் தி லவ் ஆஃப் மணி' கதை கொஞ்சம் நல்ல கதை. அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் பாஸ் வரியை உருவாக்கிய ஆந்தனி ஜாக்சனின் பெயர் கேம்பிள், ஹஃப் பெயர்களோடு பாட்டை எழுதியவராகவே இடம்பெற்றது. ஒரு வாசிப்பாளருக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியது அது.

நீங்கள் இந்த ஆல்பங்களைத் தொடங்க வேண்டுமென்றால் 'தி லவ் ஐ லாஸ்ட்' பாட்டிலிருந்தே தொடங்குங்கள். சிங்கிளாக, அதாவது ஒரே பாட்டுக்கான தனி இசைத்தட்டாக, வந்தபோது அதை இரண்டு பாகமாக வெட்டிவிட்டார்கள். அது வேண்டாம், 'பிளாக் அண்ட் ப்ளூ' ஆல்பத்தில் உள்ள முழு நீளத்தையே கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸும் கிக்கும் காணாமல் போய்விடும், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை பாடகரைக் கேளுங்கள். இரண்டாவது தடவை ஹை-ஹாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். பிறகு ஓ'ஜேஸின் 'ஷிப் அஹாய்' ஆல்பத்தில் ஆந்தனி ஜாக்சன் வாசித்ததைக் கேளுங்கள். இரண்டும் ஒரே ஊரில், ஒரே வருடத்தில் வந்தவை.